மேல் வரிசைப் பல்லும் கலவை ரோட்டுக் காலேஜும்

நாமக்கல் விடுதி
8 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

நேற்று போன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். ஆபீஸ் அறையில் எனக்குப் பின்னால் பதினோரு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வார்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ என்னடாவென்றால், "உனக்கு பிடிஎஸ் சீட்டு கெடச்சிருச்சிடி" என்று பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறாய். பின்னால் நின்றவர்கள் கை தட்டிவிட்டார்கள். எந்தக் காலேஜ் என்று கேட்டேன். சொன்னாய். வைத்துவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வர மாட்டேன். மற்ற நாட்களில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பது உனக்கே தெரியும். எதுவாக இருந்தாலும் எழுது.

கலவை ரோட்டுக் காலேஜ். அக்கா, அந்தக் காலேஜைப் பற்றி எனக்கு முதலில் சொன்னதே நீதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் ஷூ கம்பெனியிலிருந்து அறுபது பெண்களை 'இலவசப் பல் முகாம்' என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்களே, மறந்துவிட்டதா? அன்றைக்கு அங்கே இன்ஸ்பெக்‌ஷன். நாற்காலி நிறைய நோயாளிகள் இருப்பதாகக் காட்ட ஆள் வேண்டும். டிரைவர் வேலு அண்ணன் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, "எல்லாரும் பல்லு வலின்னு சொல்லணும், எந்த ஊருன்னு கேட்டா பக்கத்து ஊருன்னு சொல்லணும்" என்று பாடம் எடுத்ததை நடு வீட்டில் நின்று நடித்துக் காட்டியது யார்? ஒரு பையன் உன் பல்லை நாலு தடவை எண்ணி நாலு தடவையும் வேறு கணக்குச் சொன்னான் என்றாயே, அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியதே. சாயங்காலம் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த இடத்தில் நான் ஐந்து வருடம் படிக்க வேண்டுமா? நோயாளியையே வாடகைக்கு எடுக்கிறவர்கள் எனக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள்?

"கவுன்சலிங் லிஸ்ட்ல எதையாவது போடு, நான் போகப் போறதில்ல" என்று சொன்னது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதையாவது என்றால் அதையா? அதுவும் முதல் இடத்தில்? என் மார்க்குக்குச் சென்னையில் ஒன்று கிடைத்திருக்கும், சேலத்தில் ஒன்று கிடைத்திருக்கும் என்று இங்கே ஒரு சார் சொல்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை ஏன் முதலில் போட்டாய்? மற்ற எதற்கும் பதில் வேண்டாம், இதற்கு மட்டும் எழுது.

நான் இன்னொரு வருடம் நீட்டுக்குப் படித்து எம்பிபிஎஸ் வாங்கிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன். அப்பா அதைத் தான் வேலை செய்கிற தோல் ஷெட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். சேரக் கடைசி நாள் 26 என்றாய். அந்த நாள் அது பாட்டுக்கு வந்து போகட்டும்.

கேத்தரின்

---

ஆம்பூர்
11 செப்டம்பர் 2025

அன்புள்ள கேத்திக்கு,

நான் அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைத் தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டார். அம்மா உடைத்துப் படித்துவிட்டு, நான் வேலை முடிந்து வந்ததும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் ஏற்கெனவே இந்த ஞாயிறு ஆராதனையில் உன் சீட்டுக்கு நன்றியாகச் சாட்சி சொல்லப் பேர் கொடுத்திருந்தார். நான் போதகர் வீட்டுக்குப் போய், "கொஞ்சம் தள்ளி வையுங்க ஐயா, புள்ள இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்லி நிறுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன்னால் எனக்கு இந்த வேலையெல்லாம்.

லிஸ்ட் நிரப்பிய கதையைக் கேள். பிரௌசிங் சென்டரில் எனக்கு முன்னால் ஒன்பது பேர், பின்னால் பதினைந்து பேர். கடைக்காரர் தௌசீப் அகமது, "மேடம், சீக்கிரம் சொல்லுங்க, சர்வர் போய்டும்" என்று அவசரப்படுத்துகிறார். அந்த நெருக்கடியில் எதையோ ஒன்றை முதலில் போட வேண்டாமா? போட்டேன்.

பஸ்ஸில் போனது உண்மை. பல்லை எண்ணினதும் உண்மை. அதைச் சொல்லிச் சிரித்ததும் நான்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு பையர் வருகிறான் என்றால் என்ன நடக்கும், உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? முதல் நாளே எல்லோருக்கும் புது ஏப்ரன். காதில் வைத்துக்கொள்ள ரப்பர். கக்கூஸில் மணக்கிற சோப்பு. அவன் கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும். அதற்காக நாங்கள் செய்கிற ஷூ பொய்யாகிவிடுமா? ஆறு மணி வரைக்கும் அந்த மேஜையில் நின்று ஜோடி ஜோடியாகத் திருப்பிப் பார்க்கிறேனே, அது பொய்யா? இன்ஸ்பெக்‌ஷன் நாளை வைத்து எங்களை நல்லவர்கள் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர்கள் என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலேஜையும் நான் அந்த ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு சாதாரண நாளில் போய்ப் பார்க்கப் போகிறேன். எனக்கு மேல் வரிசையில், கடவாய்ப் பல்லுக்கு முந்தின பல் மூன்று மாதமாகக் கூசுகிறது. டீ குடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. அதை எடுத்துக்கொண்டு போகிறேன். செவ்வாய்க்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். வேலு அண்ணனும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். உன் பேரையும் சொல்ல மாட்டேன். நோயாளியாகவே போய் நோயாளியாகவே வருகிறேன். மோசமாக இருந்தால் மோசம் என்று நானே எழுதிவிடுகிறேன், 26 அது பாட்டுக்குப் போகட்டும்.

அரசுப் பள்ளியில் படித்ததற்குக் கிடைத்த இடம், ஃபீஸ் நம் தலையில் விழாது என்பதை மட்டும் ஞாபகத்தில் வை. அதற்காகச் சேரு என்று சொல்லவில்லை. சும்மா கிடைத்ததை எல்லாம் காலில் மாட்டிக்கொள்ள முடியாது என்று எனக்கும் தெரியும்.

சாப்பிடு. போன தடவை பார்த்தபோது கை குச்சி மாதிரி இருந்தது.

ஜெனிஃபா

---

நாமக்கல் விடுதி
13 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

கம்பெனிக்கு வக்காலத்து வாங்கி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்விக்குத் தௌசீப் அகமது தலையில் பழியைப் போட்டுவிட்டாய். பத்து நாள் அவகாசம் இருந்த லிஸ்ட் அது. இருக்கட்டும்.

போவதாக இருந்தால் போ, எனக்கொன்றும் இல்லை. போகிறவள் ஒழுங்காகப் பார்த்துவிட்டு வா. பதினோரு வருடம் செக்கிங் மேஜையில் நிற்கிறவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வாசல் டைல்ஸையும் கண்ணாடிக் கதவையும் பார்த்து ஏமாறாதே. எத்தனை நாற்காலி இருக்கிறது என்று எண்ணாதே, எத்தனையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணு. வந்திருப்பவர்கள் செருப்பைப் பார், தாங்களாக நடந்து வந்த மண் ஒட்டியிருக்கிறதா என்று. மாணவர்கள் வேலை செய்யும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறாரா, அல்லது எங்கேயாவது டீ குடிக்கிறாரா என்று பார். பெண்கள் விடுதிக்கு ஜன்னல் இருக்கிறதா? இங்கே எங்கள் அறைக்கு ஜன்னல் இருக்கிறது, திறந்தால் பக்கத்து அறையின் சுவர். அங்கே படிக்கிற பெண்கள் சிரிக்கிறார்களா? இதை மறக்காமல் பார். இங்கே யாரும் சிரிப்பதில்லை. சிரித்தால் எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள்.

இதெல்லாம் சேருவதற்காகக் கேட்கவில்லை. சேராமல் இருப்பதற்குக் காரணம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

படிப்பு எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டால் நல்லா போகுது என்று சொல்.

பல்லுக்கு என்ன செய்தார்கள் என்றும் எழுது. அநியாயத்துக்குப் பிடுங்க வந்தால் விடாதே.

கேத்தரின்

---

ஆம்பூர்
17 செப்டம்பர் 2025

அன்புள்ள கேத்திக்கு,

பல்லைப் பிடுங்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை ஆறேகால் பஸ். வேலூரில் மாறி ஆற்காட்டில் இறங்கினேன். அங்கிருந்து காலேஜுக்கு நோயாளிகளுக்கென்று ஒரு பஸ் வருகிறது, டிக்கெட் கிடையாது. அதில் பாதிப் பேர் நோயாளிகள், மீதிப் பேர் கலவைக்கு வேலையாகப் போகிறவர்கள். டிரைவருக்கு எல்லோரையும் தெரிந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவின் மடியில் ஒரு கோழி. கோழிக்குப் பல் இல்லை என்று டிரைவர் சொன்னார், அந்த அம்மா சிரிக்கவே இல்லை.

செருப்பைப் பார்த்தேன். மண் ஒட்டியிருந்தது. நாற்காலியை எண்ணினேன். நூறு இருக்கும். ஆள் உட்கார்ந்திருந்தது முப்பத்தாறில்தான். நாங்கள் பஸ்ஸில் போன அன்றைக்கு ஒன்றுகூடக் காலியில்லை. பார்த்ததும் அப்படியே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்தவள் கடைசி வருடம் படிக்கிற பெண். பேர் நசீமுன்னிசா, மேல்விஷாரம். என் உயரம்கூட இல்லை, நாற்காலியைத் தாழ்த்திவிட்டுத்தான் என் வாயைப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து, சொத்தை வேர் வரைக்கும் போகவில்லை, அடைத்தால் போதும் என்றாள். ஊசிக்கு முன்னால் வாய் சும்மாதானே இருக்கிறது என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு பஸ்ல ஆளு கூட்டிட்டு வருவாங்களாமே, நெஜமாம்மா?"

முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிகிறது. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"நெஜம்தான்க்கா. நான் அப்ப ரெண்டாவது வருஷம். எங்களுக்கே வெக்கமா இருந்துச்சு. இன்ஸ்பெக்‌ஷன்னா இப்பவும் பஸ் போவும். மத்த நாள்ல வர்றவங்க இவங்கதான். கம்மிதான், ஆனா நெஜமான பேஷண்ட்டு."

"அப்ப உங்களுக்குக் கேஸு பத்துமா?"

"பத்தாது. அதான் சனிக்கிழம மேடம் எங்கள ஊர் ஊரா பல்லு பாக்க கூட்டிட்டுப் போவாங்க. வெயில்ல பேஜாரு. மெஸ் சாம்பாரு அதவிட பேஜாரு."

மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பிறகு ஊசி போட்டாள். ஐந்து நிமிடம் கழித்து உதட்டைத் தட்டி, "மரத்துச்சாக்கா?" என்றாள். நன்றாக மரத்திருந்தது, தலையாட்டினேன். மெஷினைக் கையில் எடுத்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கேத்தி, ஊசியை அவள் தப்பான பக்கத்தில் போட்டிருந்தாள். சொத்தை இடது பக்கம், மரத்தது வலது பக்கம்.

வலது பக்கம் போட்டபோது, இப்படித்தான் போடுவார்கள் போல என்று இருந்துவிட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கென்ன தெரியும்? "இன்னும் கொஞ்சம் மருந்து வேணும்க்கா" என்று சொல்லி அந்தப் பக்கமும் ஒன்று போட்டிருந்தால் நான் பாட்டுக்கு வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பேன். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் மெஷினைக் கீழே வைத்தாள். ஐந்து நாற்காலி தள்ளி நின்ற மேடத்திடம் போனாள். அமிர்தவள்ளி மேடம் என்று பேர், ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"மேடம், லெஃப்ட்ல போட வேண்டியத ரைட்ல போட்டுட்டேன்."

இப்போது வரும் என்று நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் லைனில் பழைய சூப்பர்வைசர் இருந்தபோது எப்படி என்று உனக்குத் தெரியும். தைக்கும்போது கத்தி பட்டுக் கீறிவிட்டது என்று எந்தப் பெண்ணாவது சொன்னால் ஷூவைத் தூக்கி அவள் மேலேயே எறிவான். அதனால் யாரும் சொல்வதில்லை. கீறல் மேல் மெழுகைத் தேய்த்து, கலரைப் பூசி, என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் சிலதைப் பிடித்தேன், சிலதை விட்டேன். ஒரு லாட் முழுதும் கப்பலில் போய்க் கப்பலிலேயே திரும்பி வந்தது. தப்பு செய்யாத கை எங்கேயும் கிடையாது. தப்பைச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் உள்ள வித்தியாசம். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான்.

மேடம் கத்தவில்லை. என்னிடம் வந்தார். "தப்பு எங்களுது. இந்த மருந்தால கெடுதல் ஒண்ணும் இல்ல, சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். இன்னைக்கே செஞ்சுக்கறீங்களா, இன்னொரு நாள் வர்றீங்களா? நீங்க சொல்றதுதான்" என்றார். இன்றைக்கே என்று கையால் காட்டினேன். உடனே அவளிடம் திரும்பி, "கார்டுல எழுது. நடந்தத அப்படியே எழுது" என்றார். அவள் எழுதினாள். ஊசியை மேடம் வாங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். வாங்கவில்லை.

"நீயே போடு. நான் நிக்கிறேன்."

போட்டாள். மேடம் அவள் தோளுக்குப் பின்னால் கடைசி வரைக்கும் நின்றார். சொத்தையைச் சுரண்டியதும் ஒரு கையெழுத்து, அடைத்ததும் ஒரு கையெழுத்து. நடுவில் ஒரு தடவை கண்ணாடியை வைத்துப் பார்த்து, "ஓரம் சரியில்ல, எடுத்துட்டு மறுபடி பண்ணு" என்றார். என் மேஜையில் நான் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேனே, அதே குரல். மூன்று மணி நேரம் ஆயிற்று. இன்று காலை டீ குடித்தேன், கூசவில்லை.

ஜன்னல் கேட்டாய். விடுதியை வெளியிலிருந்து பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது, எல்லா ஜன்னலிலும் துணி காய்கிறது, எதிரே வயல். சிரிக்கிறார்களா என்று கேட்டாய். மத்தியானம் மரத்தடியில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டாள்.

திரும்பி வந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல் உதடு இரண்டு பக்கமும் மரத்துப்போய் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி தொங்குகிறது. வேலூரில் கண்டக்டர், "எங்கம்மா போவணும்?" என்றார். ஆம்பூர் என்று சொல்ல உதடு இரண்டும் ஒட்ட வேண்டுமாம், எனக்கு நேற்றுத்தான் தெரியும். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். "பட்டப்பகல்லயே குடியா?" என்று பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஊர் பேர் போட்ட கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன்.

இனி, நீ கேட்ட கேள்வி.

லிஸ்டில் சென்னை இருந்தது. சேலமும் இருந்தது. தௌசீப் அகமது ஒன்றும் அவசரப்படுத்தவில்லை, பாவம், எனக்கு டீகூட வாங்கிக் கொடுத்தார். கலவை ரோட்டை முதலில் போட்டது நானாகத்தான். எல்லாவற்றிலும் கிட்டத்தில் இருந்தது அதுதான். நீ நாமக்கல் போன பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அப்பா டிவியைப் பார்க்கிறார், அம்மா சுவரைப் பார்க்கிறார். சனிக்கிழமை பஸ் ஏறினால் நீ ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த பஸ் கதையெல்லாம் தெரிந்திருந்தும் போட்டேன். உனக்கு எது நல்லது என்று பார்க்கவில்லை, எனக்கு எது வேண்டும் என்று பார்த்தேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியதும் அந்த உறுத்தலில்தான். நேற்று ஒரு சின்னப் பெண் அத்தனை பேருக்கு நடுவில் தன் தப்பைத் தானே சொன்னாள். அதைப் பார்த்துவிட்டு வந்து உன்னிடம் நான் மூடி மறைத்தால் நன்றாக இருக்காது. மன்னித்துக்கொள்.

சேரு என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை. நோயாளிகள் கம்மி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு பஸ் போகிறது. சாம்பார் பேஜார். மற்றபடி நான் என் வாயைக் கொடுத்துப் பார்த்த இடம், இன்னொரு பல் போனாலும் அங்கேதான் போவேன்.

ஜெனிஃபா

---

நாமக்கல் விடுதி
20 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்துப் படித்தேன். கண்டக்டர் வருகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வார்டன் எழுந்து வந்து, "எத்தன மார்க்கு?" என்றார்.

எத்தனை மார்க் என்று உனக்கும் சொல்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. இங்கே ஜூலையில் எழுதிய மாதிரித் தேர்வில் 488. அடுத்தது 461. போன வாரம் 427. போன வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்து வாங்கியதைவிட இது கம்மி. இங்கே மார்க்கை வாசல் பலகையில் ஒட்டுகிறார்கள், சாப்பிடப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் பல நாள் சாப்பிடப் போகவில்லை. கை குச்சி மாதிரி ஆனது அதனால்தான். ஒவ்வொரு ஞாயிறும் உங்களிடம் நல்லா போகுது என்றேன்.

சீட் கிடைத்தது என்று நீ கத்தியபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, அக்கா. அப்பாடா என்று இருந்தது. உடனே, எம்பிபிஎஸ் வாங்கிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேனே, ஓடிவிட்டாள் என்று சொல்வார்களே என்று பயம் வந்தது. நீ காலேஜ் பேரைச் சொன்னதும் அந்த பஸ் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சென்னை கிடைத்திருந்தால் வேறு ஏதாவது குறை கண்டுபிடித்திருப்பேன். நீ எதை முதலில் போட்டிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அதனால் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று போட்டாயே, அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் குளியலறையில் போய் நின்றேன்.

நீ செவ்வாய்க்கிழமை போகிறாய் என்று தெரிந்ததால் அன்றைக்கு முழுதும் எனக்குப் பாடம் ஏறவில்லை. நல்ல காலேஜாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தேன். சேராததற்குக் காரணம் தேடுகிறேன் என்று உனக்கு எழுதிவிட்டு இந்த லட்சணம். நீ மோசம் என்று எழுதியிருந்தால் நான் இங்கேயே இருக்க வேண்டியதுதான், அதைத் தாங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அறையில் இருக்கும் பிரிசில்லாவுக்குப் பல்லில் கிளிப் போட்டிருக்கிறார்கள். போன மாதம் கம்பி ஒன்று கழன்று கன்னத்தில் குத்திப் புண்ணாகிவிட்டது. ஊருக்குப் போக லீவு தரவில்லை. மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, கழுவி, விரலில் உருட்டி, கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, அந்தக் கம்பி முனையில் ஒட்டிவிட்டேன். அரிசி அளவு இடம். மூச்சு விடாமல் செய்தேன். குத்துவது நின்றுவிட்டது, அவள் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். இந்த விடுதிக்கு வந்த பிறகு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதைச் செய்த அரை மணி நேரம் பலகையும் மார்க்கும் ஞாபகமே வரவில்லை. நசீமுன்னிசா மெஷினைக் கீழே வைத்தாள் என்று நீ எழுதிய இடத்தை நாலு தடவை படித்தேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் மேடத்திடம் போயிருப்பேன் என்று தோன்றியது. இங்கே அப்படிப் போக ஆள் இல்லை.

சேர்ந்துவிடுகிறேன், அக்கா. யாரும் சொல்லி இல்லை, நானாகத்தான் சொல்கிறேன். வந்து கூட்டிக்கொண்டு போ.

அப்பாவிடம் மட்டும் நீ சொல்லிவிடு. அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வராது. தோற்றுப்போய் வருகிறேன் என்று அவர் நினைக்காத மாதிரி எப்படியாவது சொல்லிவிடு.

உன் கேத்தி

---

ஆம்பூர்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள கேத்திக்கு,

வியாழக்கிழமை மத்தியானம் விடுதி வாசலில் நிற்பேன். சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஒரிஜினலோடு இரண்டு காப்பி எடுத்துவிட்டேன். பெட்டியைக் கட்டி வை. வாசல் பலகையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வா. வெள்ளிக்கிழமை காலையில் நேராகக் காலேஜ்.

427 என்றால் 427. எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். சாப்பிடாமல் கிடந்ததற்குத்தான் உனக்கு இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தை இந்தத் தடவை தபால்காரரிடம் நானே வாங்கிவிட்டேன். படித்து முடித்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அம்மா ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு போதகர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி உண்டு.

அப்பாவிடம் ராத்திரி சொல்லலாம் என்று இருந்தேன், முடியவில்லை. இன்று காலை அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்திச் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "கேத்தி அந்தப் பல் காலேஜ்லயே சேர்றாளாம்ப்பா. உங்ககிட்ட சொல்ல பயப்படறா" என்று மட்டும் வந்தது.

அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டாண்டு போட்டார். என்னிடம் திரும்பி, வாயை ஆவென்று திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். கேத்தி, பின்னால் இரண்டு பல் ஆடுகிறது. ஒன்று பாதி உடைந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டேன், போன கிறிஸ்துமஸிலிருந்து என்றார். ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்திருக்கிறார், நமக்குத் தெரியவில்லை.

"அவ எப்ப பல்லு பாக்க ஆரம்பிப்பா?" என்றார்.

"மூணாவது வருஷம்ப்பா. அதுவரைக்கும் எதுக்கு வச்சுக்கினு இருக்கணும்? நான் நசீமுன்னிசாகிட்ட கூட்டிட்டுப் போறேன், நாளைக்கே காட்டிடலாம்."

"ஆடறத வேணா அந்தப் பொண்ணு எடுக்கட்டும்" என்றார். "ஒடஞ்சது இருக்குது பாரு, அதுல யாரும் கைய வைக்கக் கூடாது. அது கேத்திக்கு."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தோல் ஷெட்டில் இந்நேரம் எல்லோருக்கும் சொல்லியிருப்பார்.

ஜெனிஃபா